மிச்சக் காற்று

"கடலுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு மாஸ்டர்?" என்று தஸ்நேவிஸ் கேட்டார்.

ஜெனோவா, சிலிண்டரில் காற்று நிரப்புகிற கம்ப்ரஷருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அவரே தொடர்ந்தார்.

"எமரன்சி வீட்டுல இருந்தாலும் அவ கண்ணு கடல்லதான் கிடக்கும். மத்தியானம் சாப்பிடப் போனா, ஈரத் தலையோட வாசல்ல உக்காந்து அந்தப் பக்கமே பாத்துக்கிட்டிருப்பா. என்னை விட அங்க என்ன இருந்திச்சுன்னு நான் பாக்கணும். ஒரு தடவை போதும்."

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

தஸ்நேவிஸ் ஸ்கூட்டரில் கட்டி வந்ததை இறக்கி வைத்தார். முதுகில் கட்டி முங்குகிற ஓர் இரும்பு சிலிண்டர். ஒரு துணிப்பையில், வாயில் கவ்வி மூச்சு இழுக்கிற ரெகுலேட்டர்.

இரண்டையும் ஜெனோவாவுக்குத் தெரியும். அவற்றைப் போட்டுக்கொண்டு கடலில் இறங்கிய எமரன்சியோடு எப்போதும் கூட இறங்கிய துணை அவள்தான்.

தஸ்நேவிஸின் மனைவி எமரன்சி பவளம் நடுகிறவளாக இருந்தாள். ஆராய்ச்சிக் குழுவோடு தீவுப் பக்கம் படகில் போவாள். கடலடியில் சிமென்ட் சட்டங்கள் போட்டு, அதில் பவளத் துண்டுகளைக் கட்டி வளர்ப்பது அவள் வேலை. கடல் அவளை ஒன்றும் செய்யவில்லை. ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ச் சேர்ந்தாள். ஆகிவிட்டது இரண்டு வருஷம்.

அதற்குப் பிறகு ஜெனோவா குழுவை விட்டு வந்து, தூத்துக்குடிக் கடற்கரையில் தகரக் கொட்டகை போட்டுக் கடலுக்குள் முங்கக் கற்றுக்கொடுக்கிறாள். தஸ்நேவிஸை விட எவ்வளவோ இளையவள். ஆனாலும் வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்.

ஜெனோவா ரெகுலேட்டரை எடுத்து சிலிண்டர் வால்வின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"இது திருகுற வகை. வால்வு கவ்வுற வகை. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசாது."

"அவ எப்படிப் போட்டா?"

"நடுவுல ஒரு இணைப்பு போட்டிருந்தா. அது குழுவோடது."

"உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"தாங்களேன்."

"இந்தச் சிலிண்டருக்குத் தரமாட்டேன். சோதனைத் தேதி தாண்டிருச்சு. காத்தைத் திறந்து விடணும். வால்வைக் கழட்டணும். உள்ள பாக்கணும். பொறவுதான் மத்ததெல்லாம்."

தஸ்நேவிஸ் சிலிண்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"காத்தை மட்டும் திறக்க மாட்டேன்."

ஏன் என்று ஜெனோவாவுக்குத் தெரியும்.

முங்குகிறவர்கள் சிலிண்டரைக் காலி செய்து கொண்டு வருவதில்லை. காற்றளவு காட்டுகிற கேஜில் ஐம்பதுக்கு முள் வந்தால் மேலே ஏற வேண்டும். அந்த ஐம்பது மிச்சமாகவே கரைக்கு வரும். எமரன்சி கடைசியாகக் கொண்டு வந்த ஐம்பது அந்தச் சிலிண்டருக்குள் இருந்தது. அவள் இழுக்க வேண்டிய மூச்சு. இரண்டு வருஷமாகத் தஸ்நேவிஸின் கட்டிலுக்கு அடியில் அது படுத்திருந்தது. வீட்டில் அவள் என்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதை அவள் போன இடத்துக்கே போய், அவள் ரெகுலேட்டரில், தன் நெஞ்சுக்குள் இழுக்க வேண்டும். ராத்திரி பகல் அவருக்கு இதே ஏக்கம்.

"கீழ இருக்கும்போது என்னைப் பத்தி ஏதும் சொல்லுவாளா?" என்று கேட்டார்.

"கடலுக்குள்ள பேச முடியாது அண்ணாச்சி."

அவள் எண்ணெய்க் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

*

தஸ்நேவிஸ் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். இவர் விடாக்கண்டன், அவள் கொடாக்கண்டன்.

ஒரு நாள் ஜெனோவா சொன்னாள்: "சும்மா உக்காந்திருக்கதுக்கு முங்கவாவது படிங்க."

படித்தார். காலையில் கரையோரத் தண்ணீரில் ஜெனோவாவின் சிலிண்டரைப் போட்டுக்கொண்டு, முட்டி போட்டு மூச்சு விடப் பழகினார். மூக்கில் தண்ணீர் ஏறியது. காது வலித்தது. அவருடைய கடைசல் பட்டறைப் பையன்கள் சிரித்தார்கள். வயசான காலத்தில் முதலாளிக்கு மீன் ஆகிற ஆசை வந்துவிட்டது என்று ஊரில் பேச்சு.

வெயில் ஏறிய பிறகு கொட்டகையில் வேலை. ஜெனோவா ஒரு குவியல் வால்வுகளையும் சில காலி சிலிண்டர்களையும் காட்டினாள்.

"எதுக்கு எதுன்னு சேத்து வையுங்க."

தஸ்நேவிஸுக்குச் சிரிப்பு வந்தது. இவரிடம் போய்த் திருகு மரை பார்க்கச் சொல்கிறாள். ஊரில் எந்தப் படகு எஞ்சினில் எந்தத் தண்டு உடைந்தாலும் வருவது இவருடைய லேத்துக்குத்தான். 'பொருந்தாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. பொருந்தவில்லை என்றால் பொருத்துவார்.

ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

ஜெனோவா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்திய சிலிண்டரில் கை நின்றது. வால்வின் தலையைப் பிடித்து இலேசாக ஆட்டினாள். இருக்கிறதா இல்லையா என்பதுபோல் ஒரு சின்ன ஆட்டம்.

"கொஞ்சம் லூசு. டேப் சுத்திட்டா கெட்டியாயிரும்" என்றார் தஸ்நேவிஸ்.

"சிலிண்டர் மரை அங்குலக் கணக்கு. வால்வு மரை மில்லிமீட்டர் கணக்கு."

"அது தெரியுது. ஆனா ஏறிருச்சே."

ஜெனோவா தலையை நிமிர்த்தி மேலே பார்த்தாள். தஸ்நேவிஸும் பார்த்தார்.

கூரைத் தகரத்தில், கம்ப்ரஷருக்கு நேர் மேலே, முஷ்டி அளவு ஓட்டை. விளிம்பு வெளிப்பக்கம் பார்த்து மடங்கியிருந்தது. அதன் வழியாக வெயில் உள்ளே விழுந்தது.

"வால்வு போன வழி. காத்து நிரப்பும்போது பிச்சுக்கிட்டுப் போச்சு. நான் அந்நேரம் குனிஞ்சிருந்தேன்."

"பொருந்தாத வால்வா?"

"பொருந்தாதது உள்ளேயே போகாது அண்ணாச்சி. அதால யாருக்கும் கெடுதல் இல்ல. இது பாதி பொருந்துனது."

தஸ்நேவிஸ் அந்த வால்வைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். மரையைப் பார்ப்பதுபோல்தான் இருந்தது. அவர் நினைத்துக்கொண்டிருந்தது தன் கல்யாணத்தை.

இருபது வருஷம் ஒரே வீடு. அவருக்கு இரும்பு, அவளுக்குத் தண்ணீர். பெரிய சண்டை என்று ஒன்றும் கிடையாது. ஏறிவிட்டது என்றுதான் அவரும் நினைத்திருந்தார். அது முழுக்க ஏறியதா, பாதி ஏறி நின்றதா? ஆட்டிப் பார்க்க இப்போது ஆள் இல்லை.

அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஜெனோவாவிடமும் சொல்லவில்லை.

*

மழை விட்டுக் கடல் தெளிகிற மாதம் வந்தது. தீவுப் பக்கம் படகுகள் போகத் தொடங்கின. அதற்கு மேல் தஸ்நேவிஸால் பொறுக்க முடியவில்லை.

தன் பட்டறையிலேயே அந்த இணைப்பைக் கடைந்தார். ஒரு முனை சிலிண்டர் வால்வைக் கவ்வும், மறு முனையில் ரெகுலேட்டர் திருகிக்கொள்ளும். நல்ல பித்தளை. பார்த்துப் பார்த்துச் செய்த வேலை. எமரன்சிக்கு நகை செய்து போட்டதில்லை அவர்; அன்று செய்தது நகைதான்.

கொண்டுவந்து ஜெனோவாவின் உள்ளங்கையில் வைத்தார்.

"அழகா இருக்கு" என்றாள். உண்மையாகத்தான் சொன்னாள்.

"காத்தைத் திறக்காமலே போகலாம். அவ நட்ட இடம் வரைக்கும் உங்க சிலிண்டர்ல வாறேன். அங்க போயி, கீழ உக்காந்து, இதை ஒரு நாலு இழுப்பு. அவ்வளவுதான்."

"இது தாங்குமா?"

"தாங்கும். என் கை வேலை."

ஜெனோவா எமரன்சியின் சிலிண்டரை முதுகுப்பட்டையில் கட்டினாள். பித்தளை இணைப்பைப் போட்டு, ரெகுலேட்டரைத் திருகினாள். வால்வைத் திறக்கவில்லை. முகக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போறீங்க?"

"கீழ. தாங்கும்னு சொன்னீங்கள்லா."

தண்ணீர் அவள் முட்டிக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கை பின்னால் போய் வால்வைத் தேடியது.

"வேண்டாம்" என்றார் தஸ்நேவிஸ்.

அவள் இன்னும் ஓர் அடி வைத்தாள்.

"வேண்டாம் மாஸ்டர். அந்த இணைப்பை இன்னும் ஒரு மிசின்லயும் வச்சுச் சோதிக்கல." அவர் வேட்டியோடு தண்ணீரில் இறங்கி அவள் தோளைப் பிடித்துவிட்டார். எமரன்சியின் காற்று தீர்ந்துபோகுமே என்கிற நினைப்புகூட அந்நேரம் அவருக்கு வரவில்லை.

ஜெனோவா திரும்பினாள்.

"எனக்குன்னா சோதிக்கணும். உங்களுக்குன்னா வேண்டாமா?"

தஸ்நேவிஸ் அவள் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"ஒண்ணு கேக்குதேன் அண்ணாச்சி. நீங்க சிலிண்டர் தேடுதது இறங்கவா, ஏறி வரவா?"

சாக வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை, சத்தியம். ஆனால் அந்த நாலு இழுப்புக்குப் பிறகு என்ன என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவருடைய ஆசை அங்கே போய்ச் சேர்வதோடு நின்றிருந்தது. மேலே வருகிற பாதி அதில் இல்லவே இல்லை.

*

மறுநாள் காலையில் ஜெனோவா ஒரு கண்ணாடி ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். சவேரியார் கெபிக் குகையில் ஏற்றுகிற சின்ன வத்தி.

"உக்காருங்க."

நேற்று நிரப்பிய ஒரு சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் வழியாக ஜாடிக்குள் காற்று விட்டாள். சுடர் ஆடக்கூட இல்லை, அத்தனை மெதுவாக விட்டாள். வத்தி நின்று எரிந்தது.

"இப்ப அவ சிலிண்டர். வத்திக்குப் போக மிச்சம் நிறைய இருக்கும். சரின்னா சொல்லுங்க."

தஸ்நேவிஸ் தானே குழாயை மாட்டினார். அவருடைய பித்தளை இணைப்பு அதற்குத் தேவைப்படவில்லை. ஜெனோவாவின் குழாய் அந்த வால்வை ஒழுங்காகக் கவ்வியது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குமிழைத் திருகினார்.

எமரன்சியின் காற்று ஜாடிக்குள் போயிற்று.

சுடர் சின்னதாயிற்று. நீலமாயிற்று. திரியில் ஒரு புள்ளியாக ஒட்டிக்கொண்டிருந்து, அணைந்தது.

"காத்து பலமா வந்திருக்கும்" என்றார் தஸ்நேவிஸ்.

ஜெனோவா மறுபடி பற்ற வைத்தாள். மறுபடி அணைந்தது.

"ஈரம் கொஞ்சம் உள்ள நின்னிருக்கு" என்றாள். "மூடியே வச்சிருந்தா துரு பிடிக்கும். துரு, காத்துல இருக்க உசிரைத் தின்னும். வத்தியைக் கேட்டுப் பாத்தாச்சு. இதை இழுத்திருந்தா உங்களுக்கும் அதே கதிதான். ஏறி வரும்போது, ஒண்ணும் தெரியாம, தூக்கம் மாதிரி."

தஸ்நேவிஸ் கரிந்த திரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்திரமாத்தான மாஸ்டர் வச்சிருந்தேன்."

ஜெனோவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளும் எமரன்சியை நினைத்து ஏங்குகிறவள்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், மணலில் கடலைப் பார்த்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது. முதலில் ஊதல் மாதிரி. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு. தஸ்நேவிஸ் குமிழை முழுக்கத் திறந்துவிட்டு, சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சத்தம் அடங்கி, அடங்கி, ஒன்றுமில்லாமல் ஆகும்வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வால்வைக் கழற்றி விளக்கு விட்டுப் பார்த்தபோது உள்ளே முழுக்கச் செம்புழுதி. சிலிண்டர் இனி ஆகாது. ஆகாத சிலிண்டரை வேறு யாரும் தெரியாமல் நிரப்பிவிடக் கூடாது என்பதற்காகக் கழுத்தை அறுத்துப்போடுவது அந்தத் தொழிலில் வழக்கம். தஸ்நேவிஸ் அதைத் தன் பட்டறைக்கு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானே அறுத்தார்.

அடியைப் பிடிடா பாரதபட்டா என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

மறுவாரம் ஜெனோவா சிலிண்டர் அடுக்கைக் காட்டினாள்.

"ஒண்ணு எடுங்க."

இந்தத் தடவை டீ ஆறிப்போயிற்று. தஸ்நேவிஸ் ஒவ்வொன்றின் கழுத்திலும் குத்தியிருந்த எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். சோதனைத் தேதி பார்த்தார். எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று பார்த்தார். மரையை அளந்தார். ஓர் அலுமினிய சிலிண்டரை எடுத்து வைத்தார். எமரன்சியின் ரெகுலேட்டருக்கு ஏற்ற திருகு வால்வைக் குவியலில் தேடி எடுத்து, விரலாலேயே ஏற்றினார். அது கடைசிச் சுற்றுவரை தடங்கலில்லாமல் போய் உட்கார்ந்தது. தலையைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. அப்புறம்தான் ஸ்பேனரை எடுத்தார்.

ஜெனோவா ரெகுலேட்டரைப் பிரித்துக் கழுவி, உள்ளே இருந்த ரப்பர் வளையங்களை மாற்றியிருந்தாள். வாயில் கவ்வுகிற ரப்பரை மட்டும் மாற்றவில்லை. அதில் எமரன்சியின் பல் தடம் இருந்தது.

"நாளைக்குக் காலம்பற படகு" என்றாள்.

*

கீழே நிறைய வெளிச்சம் இருந்தது. தஸ்நேவிஸ் இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தார்.

சிமென்ட் சட்டங்கள் வரிசையாக இருந்தன. முதலில் நட்டவை எவை என்று தெரியவில்லை, அவ்வளவு அடர்ந்திருந்தன. மான் கொம்பு மாதிரிக் கிளைகள், வெளிர் ஊதா, மஞ்சள். கிளைகளுக்குள் மீன்கள் புகுந்து வெளிவந்தன. ஒரு சட்டத்தின் மூலையில் கம்பி முடிச்சு ஒன்று இன்னும் தெரிந்தது. இரட்டை முடிச்சு, வால் உள்ளே மடக்கியது. வீட்டில் அரிசிச் சாக்கை எமரன்சி அப்படித்தான் கட்டுவாள்.

அவர் மண்ணில் முட்டி போட்டு அதைத் தொட்டார்.

இவ்வளவு அழகை விட்டுவிட்டு யார்தான் வீட்டுக்கு வருவார்கள் என்று நினைத்தார். அவள் கண் இங்கேயே கிடந்ததில் தப்பே இல்லை. எண்ணெய் நாற்றமும் இரும்புத் தூளுமாக வருகிற ஒரு மனுசன் இதற்கு எப்படி ஈடாவான்? பதில் கிடைத்துவிட்டது. நெஞ்சு வலித்தது. ஆனாலும் அவள் இருந்த இடத்தில் இருப்பது சுகமாக இருந்தது. அவர் பல் அவளுடைய பல் தடத்துக்குப் பக்கத்தில் பதிந்திருந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

கேஜில் முள் ஐம்பதுக்கு வந்தது.

தஸ்நேவிஸ் அதைப் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெனோவா நீந்தி அவருக்கு முன்னால் வந்தாள். மேலே போகலாம் என்பதற்கு அவள் கற்றுக்கொடுத்த சைகை ஒன்று உண்டு. அதைக் காட்டவில்லை.

ஐந்து விரலையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோனாள். சோறு உண்கிற மாதிரி.

தஸ்நேவிஸ் விழித்தார்.

அடுத்து, முகக் கண்ணாடிக்குக் கீழே, இல்லாத மீசை ஒன்றை இரண்டு பக்கமும் முறுக்கினாள். தூத்துக்குடியில் அப்படி முறுக்கி விடுகிற மீசை தஸ்நேவிஸுக்குத்தான்.

பிறகு கரை இருக்கிற திசையைக் காட்டினாள். மணிக்கட்டை விரலால் தட்டினாள், நேரமாகிவிட்டது, நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாக. அந்த அவசரம் ஜெனோவாவுடையது இல்லை. எதற்கும் பதறாதவள் அவள். இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவருக்கு அது எமரன்சியின் கை என்று தெரியாதா?

பட்டறையில் வேலை முடியவில்லை என்று அவர் மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் சாப்பிடப் போன நாட்கள் எல்லாம் அவருக்கு நினைவு வந்தன. வாசலில் ஈரத் தலை. உள்ளே மூடி வைத்த சோறு.

ஜெனோவா மறுபடியும் அதையே செய்து காட்டினாள். சோறு. மீசை. கரை. நேரமாச்சு.

தஸ்நேவிஸ் மேலே ஏறினார்.